ஆரம்பகால பேஸ்பாலின் ஸ்ட்ரைக் அவுட் நாயகர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அமெரிக்க பேஸ்பாலைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்து விழுகின்றன. "513 ஸ்ட்ரைக் அவுட்டா? ஒரே சீசனிலா? எப்படி?" என்பதில் தொடங்கி, "அப்படியானால் அது ஏன் சாதனைப் பட்டியலில் இல்லை?" என்பது வரை போகும். அவற்றையெல்லாம் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தப் பக்கம் முழுக்க நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: அந்தக் கால எண்ணிக்கை எதையும் தனியாக எடுத்துப் பார்க்காதீர்கள், அந்த ஆண்டின் விதியோடு சேர்த்துப் பாருங்கள்.

ஸ்ட்ரைக் அவுட்னா என்ன? கிரிக்கெட் மட்டுமே பார்த்தவனுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

பிட்சர் பந்தை எறிகிறார், பேட்டர் அடிக்கப் பார்க்கிறார். மட்டையை வீசித் தவறவிட்டால் அது ஒரு ஸ்ட்ரைக். அடிக்கக்கூடிய இடத்தில் வந்த பந்தை அடிக்காமல் விட்டாலும் ஸ்ட்ரைக்தான். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட். பிட்சர் எட்டாத இடத்தில் எறிந்தால் அது 'பால்'. நான்கு பால் ஆனால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்கு (ரன் எடுக்க ஓடிச் சேர வேண்டிய இடங்களில் முதலாவது) நடந்து போகலாம், அதற்கு வாக் என்று பெயர்.

கிரிக்கெட்டில் பத்து பந்து மட்டையைத் தாண்டிப் போனாலும் ஸ்டம்ப் விழாதவரை ஆள் நின்று ஆடலாம். இங்கே மூன்று முறை ஏமாந்தால் போதும். நான் இப்போது சொன்ன எண்கள் இன்றைய விதிப்படி. 19-ஆம் நூற்றாண்டில் இவை எதுவுமே நிலையாக இல்லை. கதையே அதில்தான் இருக்கிறது.

'ஆரம்ப காலம்'னு எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும்?

முதல் தொழில்முறை லீகான நேஷனல் அசோசியேஷன் 1871-இல் தொடங்கி 1875-இல் முடிந்தது. 1876-இல் நேஷனல் லீக் வந்தது, இன்றும் இருக்கிறது. 1882 முதல் 1891 வரை அமெரிக்கன் அசோசியேஷன் என்ற போட்டி லீக் ஒன்று நடந்தது. 1884-இல் மட்டும் யூனியன் அசோசியேஷன், 1890-இல் மட்டும் பிளேயர்ஸ் லீக். நான் இங்கே பேசுவது பெரும்பாலும் 1871 முதல் 1893-க்குக் கொஞ்சம் பின்பு வரை.

தொழில்முறை லீக்ல முதன்முதலா அதிக ஸ்ட்ரைக் அவுட் எடுத்தவர் யாரு?

கிளீவ்லேண்ட் ஃபாரஸ்ட் சிட்டி அணியின் ஆல் பிராட். 1871 சீசன் முழுக்க அவர் எடுத்தது 34.

அந்த லீகின் முதல் ஆட்டம் 1871 மே 4 அன்று இண்டியானாவின் ஃபோர்ட் வெய்ன் நகரில் நடந்தது. பிராட்டை எதிர்த்து எறிந்தவர் பாபி மேத்யூஸ், ஐந்தரை அடிக்கும் குறைவான உயரம் கொண்ட இளைஞர். மேத்யூஸின் அணி 2-0 என்று வென்றது. ரன் மழை பொழிந்த அந்தக் காலத்தில் இப்படி ஒரு ஸ்கோர் அதிசயம். அன்று தோற்ற பிராட்தான் ஆண்டு முடிவில் ஸ்ட்ரைக் அவுட்டில் முதலிடம் பிடித்தார்.

வெறும் 34-ஆ? இப்போ ஒரு நல்ல பிட்சர் ஒரே மாசத்துல எடுக்கறதாச்சே!

ஆட்டங்கள் குறைவு என்பது ஒரு காரணம். அந்த சீசனில் ஓர் அணிக்கு முப்பது ஆட்டம் வாக்கில்தான். ஆனால் பெரிய காரணம் வேறு. அன்றைய பிட்சரின் வேலை பேட்டரை வீழ்த்துவது இல்லை, ஆட்டத்தைத் தொடங்கி வைப்பதுதான். கை இடுப்புக்குக் கீழேயே இருக்க வேண்டும், பந்தை அடியிலிருந்துதான் விட வேண்டும். அதற்கும் மேலே, பேட்டர் வந்து நின்றதும் "உயரமாகப் போடு" அல்லது "தாழ்வாகப் போடு" என்று கேட்கலாம். உயரம் என்றால் இடுப்புக்கு மேல், தாழ்வு என்றால் இடுப்புக்குக் கீழ். கேட்ட உயரத்தில் வராத பந்து ஸ்ட்ரைக் ஆகாது. இந்த உரிமை 1886 சீசன் முடியும் வரை பேட்டர்களிடம் இருந்தது.

அடித்த பந்தைப் பிடித்து, எறிந்து, ஆளை அவுட் ஆக்குவதுதான் விளையாட்டு என்று மக்கள் நினைத்தார்கள். ஸ்ட்ரைக் அவுட் ஆனால் பேட்டர் சொதப்பினார் என்றுதான் பேச்சு, பிட்சருக்குப் பெரிய பாராட்டு கிடையாது. ஆகவே பிராட்டின் 34-ஐ அலட்சியமாகப் பார்க்காதீர்கள். பேட்டர் கேட்ட இடத்திலேயே, கீழ்க்கை எறியில் போட்டு எடுத்தது அது.

நேஷனல் லீக் வந்ததுக்கு அப்புறம் வரிசையா யார் யார் முதலிடம்?

1876-இல் லூயிவில் அணியின் ஜிம் டெவ்லின், 122. அதற்காக அவர் எறிந்தது 622 இன்னிங்ஸ் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ்). 1877-இலும் 1878-இலும் பாஸ்டனின் டாமி பாண்ட், 170 மற்றும் 182. 1879-இல் பிராவிடென்ஸின் ஜான் மான்ட்கோமரி வார்ட், 239. 1880-இல் சிகாகோவின் லாரி கார்க்கரன், 268. 1881-இல் டெட்ராய்ட்டின் ஜார்ஜ் டெர்பி, 212. 1882-இல் பிராவிடென்ஸின் சார்லஸ் ராட்பர்ன், 201. 1883-இல் பாஸ்டனின் ஜிம் விட்னி, 345. 1884-இல் மறுபடி ராட்பர்ன், 441.

இந்த வரிசையை நிதானமாகப் பாருங்கள். 268 வரை ஏறி, 201-க்கு இறங்கி, அங்கிருந்து இரண்டே ஆண்டில் 441-க்குப் பாய்கிறது. ஆட்களின் திறமை இப்படி ஏறி இறங்கவில்லை. 1881-இல் பிட்சரின் தூரத்தை 45 அடியிலிருந்து 50 அடிக்குத் தள்ளினார்கள், எண்ணிக்கை விழுந்தது. 1883-இல் தோள் உயரம் வரை கையைத் தூக்கி எறியலாம் என்றார்கள், உடனே ஏறியது. 1884-இல் நேஷனல் லீக் தலைக்கு மேலிருந்தே எறிய அனுமதி கொடுத்தது. ஆட்டங்களும் 84-லிருந்து 98, பிறகு 112 என்று கூடின. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு விதித் திருத்தம் நிற்கிறது.

இதுல உங்களுக்குப் பிடிச்ச ஆள் யாரு?

டாமி பாண்ட். அயர்லாந்தில் பிறந்தவர். 1877-இல் அதிக வெற்றி (40), அதிக ஸ்ட்ரைக் அவுட் (170), ஒன்பது இன்னிங்ஸுக்கு எதிரணிக்கு விட்டுக்கொடுத்த ரன்களில் மிகக் குறைந்த சராசரி (2.11) ஆகிய மூன்றிலும் அவரே முதலிடம். மூன்றையும் ஒரே ஆண்டில் ஒருசேரப் பிடித்த முதல் ஆள் அவர்தான். அவர் பெயர் இன்று யாருக்கும் தெரியவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

ஜிம் டெவ்லினின் கதை வேறு விதம். 1877-இல் லூயிவில் அணிக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒவ்வொரு இன்னிங்ஸும் அவரே எறிந்தார். அணி முன்னணியில் இருந்தது, பிறகு திடீரென்று தோற்கத் தொடங்கியது. பணம் வாங்கிக்கொண்டு தோற்றது தெரியவந்து, டெவ்லினையும் இன்னும் மூன்று பேரையும் ஆயுளுக்கும் விலக்கினார்கள். திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி அவர் கெஞ்சியும் லீக் இறங்கி வரவில்லை. பிலடெல்பியாவில் போலீஸ்காரராக வேலை பார்த்து 1883-இல் காசநோயில் இறந்துபோனார். நேஷனல் லீகின் முதல் ஸ்ட்ரைக் அவுட் நாயகரின் முடிவு இது.

ஸ்ட்ரைக் அவுட்டுக்கு கேட்சரும் காரணம்னு சொல்றாங்களே, எப்படி?

மூன்றாவது ஸ்ட்ரைக்கை கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் நிற்பவர், நம் விக்கெட் கீப்பர் மாதிரி) பிடிக்க வேண்டும், பிடிக்காமல் விட்டால் பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம். இந்த விதி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. 1870-களில் கேட்சர் கையில் தடித்த கையுறை கிடையாது. வெறுங்கை, மிஞ்சிப்போனால் விரல் வெட்டிய மெல்லிய தோல். அதனால் பேட்டருக்குப் பல அடி பின்னால் நின்று, பந்து ஒருமுறை குத்தி எழும்பியதும் பிடிப்பார். அப்போது அப்படிப் பிடித்தாலும் அவுட். பிறகு விதி மாறி, தரையில் படாமல் பிடித்தால்தான் அவுட் என்றானது. கேட்சர் நெருங்கி வந்து நின்றே ஆக வேண்டிய நிலை.

முகத்தைக் காக்கும் கம்பி முகமூடியை 1877 வாக்கில் ஹார்வர்ட் பல்கலைக்கழக அணிக்காக ஃபிரெட் தேயர் உருவாக்கினார். அதன் பிறகுதான் கேட்சர்கள் துணிந்து முன்னே வந்தார்கள். பிடிக்க ஆள் இல்லாத வேகத்தால் பிட்சருக்கு லாபம் இல்லை. அந்தக் கால அணிகள் பிட்சரையும் கேட்சரையும் ஜோடியாகவே வேலைக்கு எடுத்ததற்கு இதுதான் காரணம். கார்க்கரன் தன் கேட்சர் சில்வர் ஃபிளின்ட்டுக்குச் சைகை கொடுத்த விதம் புகழ்பெற்றது. வாயில் மெல்லும் புகையிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றுவாராம், வருவது வளைவுப் பந்து என்று ஃபிளின்ட் புரிந்துகொள்வாராம்.

ஒரே ஆட்டத்துல 19 ஸ்ட்ரைக் அவுட்னு படிச்சேன். 1884-லயா? நம்பலாமா?

நம்பலாம். அதே ஆண்டில் இரண்டு பேர் செய்தார்கள். ஜூன் 7 அன்று பிராவிடென்ஸின் சார்லி ஸ்வீனி, பாஸ்டனுக்கு எதிராக 19 பேரை வீழ்த்தி 2-1 என்று வென்றார். சரியாக ஒரு மாதம் கழித்து ஜூலை 7 அன்று யூனியன் அசோசியேஷனில் சிகாகோவின் ஹியூ டெய்லி, அந்த லீகின் பாஸ்டன் அணிக்கு எதிராக அதே 19-ஐ எடுத்தார். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் இந்த எண்ணை முதன்முதலில் தாண்டியவர் ரோஜர் கிளெமன்ஸ், 20 பேர், 1986 ஏப்ரல் 29. நூற்றியோரு ஆண்டுக்கும் மேல் நின்ற எண் அது.

ஹியூ டெய்லிக்கு ஒரு கைதான் இருந்துச்சாமே? அது கட்டுக்கதைதானே?

கட்டுக்கதை இல்லை. இளவயதில் நடந்த விபத்தில் இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது. அந்த முனையில் ஒரு மெத்தை கட்டிக்கொண்டு ஆடினார். தன்னை நோக்கி வரும் பந்தை மெத்தையால் தடுத்து, வலது கையால் எடுத்து எறிவார். பேட்டிங்குக்கு வந்தாலும் ஒற்றைக் கையால்தான் மட்டையைச் சுழற்றுவார்.

1883 செப்டம்பரில் கிளீவ்லேண்ட் அணிக்காக ஆடியபோது, ஒரு ஹிட் கூட (பேட்டர் அடித்து பேஸை எட்டும் அடி) கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் முடித்தார். மறு ஆண்டு 483 ஸ்ட்ரைக் அவுட். யூனியன் அசோசியேஷனின் பேட்டர்கள் தரம் குறைந்தவர்கள் என்பது உண்மைதான். 1884-இல் மூன்று லீக் ஒரே நேரத்தில் நடந்ததால் நல்ல பேட்டர்கள் சிதறிப் போயிருந்தார்கள். அதற்காக ஒற்றைக் கையோடு ஐந்நூறு இன்னிங்ஸ் எறிந்தவரைச் சிறுமைப்படுத்த எனக்கு மனம் வராது.

ராட்பர்ன் 1884-ல 441 எடுத்தார்னா, 483 எடுத்த டெய்லிதானே அந்த வருஷ நாயகர்?

லீக் வாரியாகத்தான் முதலிடம் கணக்கிடுவார்கள். நேஷனல் லீகில் ராட்பர்ன் 441. யூனியன் அசோசியேஷனில் டெய்லி 483. அமெரிக்கன் அசோசியேஷனில் லூயிவில்லின் கய் ஹெக்கர் 385. இதில் ஒரு வேடிக்கையான சிக்கல் டூபி ஷா. பாதி சீசன் டெட்ராய்ட்டுக்கும் மீதி சீசன் யூனியன் அசோசியேஷனின் பாஸ்டனுக்கும் எறிந்தார். இரண்டையும் கூட்டினால் 451, ராட்பர்னைவிட அதிகம். ஆனால் இரண்டு லீகில் பிரிந்து கிடப்பதால் எந்தப் பட்டியலிலும் முதலிடம் கிடையாது.

ராட்பர்னின் அந்த சீசனை ஸ்ட்ரைக் அவுட்டால் மட்டும் அளக்கக் கூடாது. ஜூலையில் அவர் நிர்வாகத்தோடு மோதி, இடைநீக்கத்தில் இருந்தார். அந்த நேரத்தில் மேலே சொன்ன ஸ்வீனி, ஓர் ஆட்டத்தின் நடுவே வேறு இடத்தில் போய் நில் என்றதற்கு மறுத்து, கோபித்துக்கொண்டு மைதானத்தை விட்டே போய்விட்டார். பிறகு யூனியன் அசோசியேஷனில் சேர்ந்துகொண்டார். பிராவிடென்ஸுக்கு உருப்படியான பிட்சர் இல்லை. ஆண்டு முடிவில் தன்னை விடுவிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ராட்பர்ன் திரும்பி வந்தார், மீதி ஆட்டங்களை ஏறக்குறைய முழுக்க அவரே எறிந்தார். மொத்தம் 678 இன்னிங்ஸுக்கு மேல், தொடங்கிய 73 ஆட்டங்களையும் அவரே முடித்தார். வெற்றி 59 என்று சிலர், 60 என்று சிலர். காலையில் தலை சீவக் கூடக் கை தூக்க முடியாமல் இருப்பார், மாலையில் வந்து எறிவார் என்று சொல்வார்கள். அணி கோப்பையை வென்றது. அமெரிக்கன் அசோசியேஷன் சாம்பியனான நியூயார்க் அணியோடு ஆடிய மூன்று ஆட்டங்களையும் அவரே எறிந்து, மூன்றையும் வென்றார்.

சரி, அந்த 513-க்கு வருவோம். அது யாரு?

மேட் கில்ராய். இடக்கைக்காரர், வயது 20, பெரிய லீகில் அது அவருக்கு முதல் சீசன். 1886-இல் அமெரிக்கன் அசோசியேஷனின் பால்டிமோர் அணிக்காக 583 இன்னிங்ஸ் எறிந்து 513 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அணி கடைசி இடம். அவர் வென்றது 29 ஆட்டம், தோற்றது 34. இத்தனை பேரை வீழ்த்தியும் தோல்வியே அதிகம். அடித்த பந்தைப் பிடிக்க நல்ல ஆட்கள் இல்லாத அணியில், பேட்டரை அடிக்கவே விடாமல் செய்வதுதான் அவருக்கு இருந்த ஒரே வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே ஆண்டு, அதே லீகில் லூயிவில்லின் டோட் ராம்சே 499 எடுத்தார். அவரும் இடக்கைக்காரர். கொத்தனார் வேலை பார்த்தபோது எறியும் கையில் ஒரு விரலின் தசைநார் அறுபட்டுவிட்டது. அந்த விரல் சரியாக மடங்காததால் பந்து கையை விட்டுப் போகும் விதமே மாறியது, பேட்டர் அருகே வந்ததும் சட்டென்று கீழே விழும். ஊனம் என்று நினைத்தது அவருக்கு ஆயுதமானது.

513-தான் உலக சாதனைன்னா, நோலன் ரயனோட 383-ஐ ஏன் சாதனைன்னு சொல்றாங்க?

இரண்டும் சரிதான், காலக்கட்டம் வேறு. 1973-இல் ரயன் எடுத்த 383, நவீன காலத்தின் சாதனை. கில்ராயின் 513, எல்லாக் காலத்தையும் சேர்த்த எண். பல பட்டியல்கள் 1901 முதல் மட்டும் கணக்கெடுக்கின்றன. சில பட்டியல்கள் 1893 முதல் எடுக்கின்றன, அதன் காரணம் கீழே தூரம் பற்றிய கேள்வியில் வரும். நேஷனல் அசோசியேஷனை 1969-இல் கூடிய பதிவுக் குழு பெரிய லீகாகவே ஏற்கவில்லை, அதனால் ஆல் பிராட்டின் பெயர் பல பட்டியல்களில் இருக்காது.

ஒப்பிட்டே தீர வேண்டும் என்றால் ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள். டெவ்லினுக்கு 1.8 கூட வராது. ராட்பர்னுக்கு 5.8. கில்ராய்க்கு 7.9. டெய்லிக்கு 8.7 வாக்கில். ரயனுக்கு பத்தரை. கில்ராயின் 513-இல் பெரும் பங்கு அவர் எறிந்த இன்னிங்ஸ்களின் எண்ணிக்கைக்கு உரியது. இன்றைய பிட்சர் ஒரு சீசனில் 200 இன்னிங்ஸ் எறிந்தாலே பெரிய விஷயம்.

513 எடுத்தவர் அடுத்த வருஷம் 217-தான் எடுத்தாராமே. கை போயிடுச்சா?

இல்லை. 1887-இல் அவர் 46 ஆட்டங்களை வென்றார், முந்தைய ஆண்டைவிட மிக நல்ல சீசன். மாறியது விதி. அந்த ஒரே ஆண்டு மட்டும் பேட்டருக்கு மூன்றுக்குப் பதில் நான்கு ஸ்ட்ரைக் கொடுத்தார்கள். ஐந்து பாலுக்கு வாக். பிட்சர் எறியும் இடத்தையும் பின்னுக்குத் தள்ளினார்கள். உயரம்-தாழ்வு கேட்கும் உரிமையை நீக்கியது பிட்சருக்குக் கிடைத்த ஒரே சலுகை. நேஷனல் லீகில் முந்தைய ஆண்டு டெட்ராய்ட்டின் லேடி பால்ட்வின் 323 எடுத்து முதலிடம் (புகை, குடி, கெட்ட வார்த்தை எதுவும் இல்லாதவர் என்பதால் வந்த பட்டப்பெயர் அது). 1887-இல் ஜான் கிளார்க்சன் 237 எடுத்தாலே முதலிடம் கிடைத்தது.

அந்தச் சூழலிலும் ராம்சே 355 எடுத்தார். ஒவ்வொருவரையும் நான்கு முறை ஏமாற்றி எடுத்த 355. என்னைக் கேட்டால் அந்தப் பத்தாண்டின் ஆகப் பெரிய ஸ்ட்ரைக் அவுட் சீசன் அதுதான், 513 கூட இல்லை. 1888-இல் மூன்று ஸ்ட்ரைக் திரும்பி வந்ததும் நியூயார்க்கின் டிம் கீஃப் 335-க்குப் போய்விட்டார்.

வாக்குக்கு எத்தனை பால்னு எப்பவும் நாலுதானே?

கிடையாது. 1879-இல் ஒன்பது. பிறகு எட்டு, ஏழு, ஆறு, மறுபடி ஏழு, ஐந்து என்று மாறி 1889-இல்தான் நான்கு ஆனது. ஒன்பது பால் வரை விட்டால், பிட்சர் எட்டு முறை ஏமாற்றுப் பந்து போட்டுப் பார்க்கலாம்.

50 அடியில இருந்து 60 அடி 6 அங்குலத்துக்கு 1893-ல ஒரேயடியா பத்தரை அடி தள்ளிட்டாங்களா?

எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும், ஆனால் அளந்த இடம் வேறு. 1893-க்கு முன் பிட்சர் ஒரு பெட்டிக்குள் நின்று எறிவார். 50 அடி என்பது ஹோம் பிளேட்டிலிருந்து (பேட்டர் பக்கத்தில் தரையில் பதித்த தட்டு) அந்தப் பெட்டியின் முன்கோடு வரை. ஆரம்பத்தில் பெட்டிக்குள்ளேயே ஓரிரு எட்டு ஓடி வந்து எறியலாம். 1887-இல் அதை மாற்றி, பின்கால் பெட்டியின் பின்கோட்டில் இருக்க வேண்டும் என்றார்கள். பெட்டியின் நீளம் ஐந்தரை அடி. அப்படியானால் பிட்சரின் பின்கால் அப்போதே 55 அடி 6 அங்குலத்தில் இருந்தது. 1893-இல் பெட்டியை எடுத்துவிட்டு ரப்பர் பலகை ஒன்றைப் பதித்து, பின்காலை அதில் வைக்கச் சொன்னார்கள். தூரம் அந்தப் பலகையின் முன்விளிம்பு வரை. ஆக உண்மையில் தள்ளியது ஐந்து அடிதான்.

அந்த ஐந்து அடியே போதுமானதாக இருந்தது. நேஷனல் லீகின் மொத்த பேட்டிங் சராசரி 1892-இல் .245. 1893-இல் .280, 1894-இல் .309.

அமோஸ் ரூசியோட வேகத்துக்குப் பயந்துதான் தூரத்தைக் கூட்டினாங்களா?

அப்படித்தான் பிரபலமாகச் சொல்வார்கள், ஒருவருக்காக மட்டும் என்பது மிகை. பேட்டர்கள் லீக் முழுக்கத் திணறினார்கள், ரன் குறைந்தது, ரசிகர்களுக்கு அடி பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் பேச்சில் ரூசியின் பெயர் வந்தது நியாயமே. இண்டியானாக்காரர், நியூயார்க் அணிக்காக 1890-இல் 341, 1891-இல் 337 என்று எடுத்தவர். வேகம் இருந்த அளவுக்குக் கட்டுப்பாடு இல்லை. 1890-இல் மட்டும் 289 வாக் கொடுத்தார், அதை இன்றுவரை யாரும் மிஞ்சவில்லை. அந்த வேகத்தில் பந்து எங்கே வரும் என்று தெரியாமல் நிற்பது எப்படி இருந்திருக்கும்!

தூரம் கூடியதும் அவருடைய எண்ணிக்கை 208, 195, 201 என்று இறங்கியது. ஆனாலும் 1893, 1894, 1895 மூன்று ஆண்டும் நேஷனல் லீகில் அவரே முதலிடம். இதைத்தான் முதல் பதிலில் இருந்து சொல்லி வருகிறேன்: 341-லிருந்து 195-க்கு வந்தவர் என்று படித்தால் சரிந்துபோனவராகத் தெரிவார். விதியோடு படித்தால், எல்லோரும் விழுந்த இடத்தில் நின்றவர் அவர். சம்பளத்தில் பிடித்த அபராதத்துக்காக முதலாளியோடு சண்டை போட்டு 1896 சீசன் முழுக்க ஆடாமலே இருந்தார்.

பேட்டர் ஃபவுல் அடிச்சா அதுவும் ஸ்ட்ரைக்தானே? அப்போ ஏன் 1890-கள்ல எண்ணிக்கை இவ்வளவு குறைவு?

நல்ல கேள்வி. கோட்டுக்கு வெளியே போகும் ஃபவுல் பந்தை ஸ்ட்ரைக்காக எண்ணும் விதி நேஷனல் லீகில் 1901-இலும் அமெரிக்கன் லீகில் (மேலே சொன்ன அமெரிக்கன் அசோசியேஷன் அல்ல, பிறகு வந்த வேறு லீக்) 1903-இலும்தான் வந்தது. அதற்கு முன் திறமையான பேட்டர் நல்ல பந்துகளை வேண்டுமென்றே ஃபவுலாகத் தட்டிவிட்டுக்கொண்டே, பிட்சரைக் களைக்க வைக்கலாம். 1896-இல் சை யங் 140 எடுத்தே முதலிடம் பிடித்தார். ஃபவுல் விதி வந்த பிறகு அமெரிக்கன் லீகில் ரூப் வாடெல் 1903-இல் 302, 1904-இல் 349.

கறுப்பின பிட்சர்கள் ஒருத்தர் பேரும் பட்டியல்ல இல்லையே?

இருக்க விடவில்லை. ஜார்ஜ் ஸ்டோவி என்ற இடக்கை பிட்சர் 1887-இல் இன்டர்நேஷனல் லீக் என்ற கீழ்நிலை லீகில் நியூவர்க் அணிக்காக முப்பதுக்கு மேல் வெற்றி பெற்றார். அவருக்கு கேட்சர் மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர். அந்த ஜூலை 14 அன்று சிகாகோ அணி நியூவர்க்கில் ஒரு காட்சி ஆட்டத்துக்கு வந்தது. ஸ்டோவி எறிவதாக இருந்தது, எறியவில்லை. சிகாகோவின் தலைவர் கேப் ஆன்சன் கறுப்பின வீரர்களோடு ஆட மறுப்பவர் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதே நாளில் இன்டர்நேஷனல் லீக் முதலாளிகள், இனி கறுப்பின வீரர்களைப் புதிதாக எடுப்பதில்லை என்று வாக்களித்தார்கள். பெரிய லீகுகளின் கதவு 1947 வரை மூடியிருந்தது.

வாக்கர் 1884-இல் டொலீடோ அணிக்காக அமெரிக்கன் அசோசியேஷனில் ஆடியவர். அங்கே அவருடைய பிட்சர் டோனி முல்லேன். தன்னோடு ஆடியதில் வாக்கரே சிறந்த கேட்சர் என்றும், ஆனால் கறுப்பினத்தவர் என்பதால் அவர் காட்டிய சைகையை மதிக்காமல் தன்னிஷ்டத்துக்கு எறிந்ததாகவும் முல்லேனே பிற்காலத்தில் சொன்னார். என்ன பந்து வருகிறது என்று தெரியாமல், மேலே சொன்ன அந்த மெல்லிய தோலோடு, வாக்கர் அதையெல்லாம் பிடித்தார். முல்லேன் அந்த ஆண்டு முந்நூறுக்கு மேல் எடுத்த ஸ்ட்ரைக் அவுட்களில் வாக்கர் பிடித்தவையும் இருக்கின்றன, கணக்கில் முல்லேன் பெயர்தான்.

ஒரு புத்தகத்துல ஒரு எண், இன்னொண்ணுல வேற எண். எதை நம்பறது?

அன்று மையப் பதிவு ஒழுங்காக இல்லை. பிற்கால ஆராய்ச்சியாளர்கள் செய்தித்தாள் ஸ்கோர் அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிச் சேர்த்தார்கள். இரண்டு மூன்று எண்ணிக்கை முன்பின் இருந்தால் கவலைப்படாதீர்கள், முதலிடம் யார் என்பது பெரும்பாலும் மாறாது. ஸ்கோர் அட்டை முறையை வளர்த்தெடுத்தவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து, கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்து, பேஸ்பாலுக்கு வந்தவர். ஸ்ட்ரைக் அவுட்டுக்கு 'கே' எழுத்தைப் போடும் வழக்கமும் அவர் கொண்டுவந்ததே.

இந்த ஆளுங்க யாராவது நம்ம பக்கம் வந்திருக்காங்களா?

வந்திருக்கிறார்கள், கொழும்புக்கு. முன்னாள் பிட்சரும் விளையாட்டுப் பொருள் வியாபாரியுமான ஆல்பர்ட் ஸ்பால்டிங், 1888-89-இல் இரண்டு அணிகளை உலகச் சுற்றுப்பயணம் கூட்டிப் போனார். ஆஸ்திரேலியாவிலிருந்து எகிப்து போகும் வழியில், 1889 ஜனவரியில் கொழும்பில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடினார்கள். ஓர் அணியின் தலைவர், 1879-இன் ஸ்ட்ரைக் அவுட் நாயகரான அதே வார்ட். கை கெட்டு பிட்சிங்கை விட்டு ஷார்ட்ஸ்டாப் (அடித்த பந்தைத் தடுக்கும் களவீரர்களில் ஒருவர்) ஆகியிருந்தார், சட்டம் படித்து முதல் வீரர் சங்கத்தையும் தொடங்கியிருந்தார். சிகாகோ அணியோடு வந்தவர்களில் மார்க் பால்ட்வின் என்ற பிட்சரும் ஒருவர். ஊர் திரும்பியதும் சிகாகோ அவரைக் கழற்றிவிட்டது. கொலம்பஸ் அணியில் சேர்ந்து, அதே 1889-இல் 368 எடுத்து அமெரிக்கன் அசோசியேஷனில் முதலிடம் பிடித்தார்.

இவங்கள்ல யாருக்கெல்லாம் புகழ்மன்றத்துல இடம் கிடைச்சது?

கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ்மன்றத்தில் ராட்பர்ன் 1939-இல் சேர்ந்தார். கிளார்க்சன் 1963, கீஃபும் வார்டும் 1964, ரூசி 1977. கில்ராய், ராம்சே, டெய்லி, கார்க்கரன் யாரும் இல்லை. அவர்களுடைய நல்ல காலம் சில ஆண்டுகளிலேயே முடிந்துவிட்டது. ஆண்டுக்கு ஐந்நூறு, அறுநூறு இன்னிங்ஸ் எறிந்தால் எந்தக் கையும் தாங்காது, கில்ராயும் ராம்சேயும் தங்கள் பெரிய எண்களை அப்புறம் நெருங்கவே இல்லை. நீண்ட காலம் ஆடியவர்களுக்கே மன்றம் இடம் கொடுக்கும் என்பதால் அவர்கள் விடுபட்டது புரிகிறது.

டாமி பாண்ட் விடுபட்டது மட்டும் எனக்குச் சம்மதமில்லை. 1877 முதல் 1879 வரை மூன்று ஆண்டும் நாற்பதும் அதற்கு மேலும் வென்றவர். கீழ்க்கை எறி, உயரம்-தாழ்வு கேட்கும் பேட்டர் என்ற கட்டுகளுக்குள்ளும் லீகிலேயே அதிகம் பேரை வீழ்த்தியவர். மன்றத்துக்கான பழையோர் குழுவின் முன் ஒரே ஒரு பெயரை வைக்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தால், அவர் பெயரைத்தான் வைப்பேன்.